பையில் தொங்கும் துண்டு எங்கே கிழிகிறது?

என்னோடு டிஸ்க் கோல்ஃப் (டிஸ்க் எனும் வட்டத் தட்டை எறிந்து, சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) விளையாடும் நண்பர் ஒருவர், போன மழைக்காலத்தில் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. சாயம் போகவில்லை, நடுவில் எங்கும் நையவில்லை. மூலையில் இருந்த உலோக வளையத்தை மட்டும் காணோம். அது இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தன. வளையம் பைக் கொக்கியிலேயே தங்கிவிட்டது, துண்டு மட்டும் புல்லில் விழுந்து கிடந்தது என்றார். மற்ற இடமெல்லாம் புதுசாக இருக்கும் ஒரு துண்டைத் தூக்கிப் போட மனசு வராமல்தான் என்னிடம் கொண்டுவந்திருந்தார்.

நான் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். துணியை இழுத்துப் பார்ப்பது, தேய்த்துப் பார்ப்பது, திரும்பத் திரும்பத் துவைத்துப் பார்ப்பதுதான் தினசரி வேலை. வார இறுதியில் டிஸ்க் பையோடு கிளம்பிவிடுவேன். இரண்டும் தெரிந்தவன் என்பதால் ஆட்டக்காரர்கள் கிழிந்த துண்டுகளை என்னிடம் காட்டுவதுண்டு. நான் பார்த்தவரை, துணி தேய்ந்து ஓய்ந்துபோன துண்டு மிகவும் குறைவு. ஒன்று, தொங்கும் இடம் கிழிந்திருக்கும். இல்லாவிட்டால் ஈரத்திலேயே கிடந்து மக்கியிருக்கும். வாங்கும்போதோ நாம் எல்லோருமே துணியின் நடுவைத் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறோம்.

ஒரு துண்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றலாம். ஈரமான நாளில் இந்தத் துண்டு படும் பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பார் மூன்று, அதாவது ஒரு கூடைக்கு மூன்று எறிதல் என்று வைத்தாலும் 18 கூடைக்கு 54 எறிதல். எறிவதற்கு முன் ஒரு துடைப்பு, எடுத்து பையில் வைக்கும் முன் ஒரு துடைப்பு என்றால் நூறைத் தாண்டிவிடும். போட்டியில் நம் முறை வந்துவிட்டால் இந்த ஆட்டத்தின் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி எறிய 30 நொடிதான். அதற்குள் டிஸ்க் விளிம்பின் உட்பக்கம் சுத்தமாகக் காய வேண்டும். விரல் பிடிப்பது அங்கேதான். ஒருமுறை மழையில், துவைக்காத புதுத் துண்டால் துடைத்துவிட்டு எறிந்தேன். துண்டு தண்ணீரை இழுக்காமல் விளிம்பு முழுக்கப் பூசிவிட்டிருக்கிறது. டிஸ்க் கையை விட்டு முன்கூட்டியே நழுவி, பக்கவாட்டில் நின்றிருந்த ஆட்டக்காரரின் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் மரத்தில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே, இது வசதிக்கான பொருள் மட்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, முதலில் தொங்கும் இடத்துக்கு வருகிறேன். உலோக வளையம் பதிப்பதற்குத் துணியில் துளை போட வேண்டும். துளை போடும்போது பாவும், அகலவாக்கில் ஓடும் ஊடையும் வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட அந்த நூல் முனைகளை வளையத்தின் இரண்டு தகடுகளும் நசுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். நம்மூர்ப் பேச்சில் தேங்காய்ப்பூ துண்டு என்கிறோமே, அதன் பூவெல்லாம், அதாவது மேலே எழும்பி நிற்கும் நூல் வளைவுகளெல்லாம், உயிருள்ள ஸ்பிரிங் மாதிரி. வளையம் பதித்த அன்று இறுக்கமாக இருக்கும். நாலு முறை நனைந்து காய்ந்ததும் பூ அமுங்கிவிடும், தகடுகளுக்கு நடுவே இடைவெளி விழும். அப்புறம் வளையம் விரலால் தள்ளினாலே சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும் வளையம் ஒவ்வோர் அடிக்கும் நூல் முனைகளை அராவிக்கொண்டே இருக்கும். நண்பரின் துண்டை பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது கதை அப்படியே தெரிந்தது. ஒரு பக்கத்து நூல்கள் பளிச்சென்று வெட்டிய முனையோடு இருந்தன. அது துளை போட்டபோது வெட்டியது. எதிர்ப்பக்கத்து நூல்களின் முனை துடைப்பம் மாதிரி விரிந்திருந்தது. அது தேய்ந்து அறுந்தது.

தொங்கும் எடையும் கொஞ்சநஞ்சமில்லை. 40 செ.மீ.க்கு 60 செ.மீ. அளவில், 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 400 கிராம்) துண்டு என்றால் காய்ந்திருக்கும்போது 96 கிராம். தன் எடையைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் குடித்தால் 384 கிராம் ஆகிவிடும். அது நடைக்கு நடை ஊசலாடியபடி ஒரே ஒரு ஓட்டையில் தொங்குகிறது. மூலையில் தொங்கினால் இழுவிசை பாவு வழியாகவும் போகாது, ஊடை வழியாகவும் போகாது; மூலைவாட்டில் போகும். எந்த நெசவுத் துணியும் மூலைவாட்டு இழுப்பில்தான் அதிகம் நெகிழும்.

அதனால் என் முதல் விருப்பம் வளையமே இல்லாத துண்டு. ஓர மடிப்புக்குள் ஒரு நாடாவை நுழைத்து, இரண்டு முனையையும் பார்டாக் போட்டுத் தைத்திருப்பார்கள். பார்டாக் என்றால் ஒரே இடத்தில் நெருக்க நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடும் குட்டித் தையல், ஜீன்ஸ் பையின் மூலையில் இருக்குமே, அதுதான். நூல் எதுவும் வெட்டுப்படுவதில்லை; எடை மடிப்பின் நீளத்துக்குப் பிரிந்து போகிறது. வளையம்தான் கிடைக்கிறது என்றால், அது பூ உள்ள பகுதியில் இருக்கக் கூடாது. பூ இல்லாத தட்டையான கரையிலோ, பின்னால் கெட்டித் துணி ஒட்டுப் போட்ட இடத்திலோ இருக்க வேண்டும். பித்தளை வளையம் நல்லது. இரும்பின் மேல் முலாம் பூசியது என்றால் முலாம் உரிந்ததும் துருப்பிடிக்கும், துரு பட்ட பருத்தி நூல் வலுவிழந்து போகும். ஏற்கெனவே மூலை வளையத்தோடு ஒரு துண்டு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வளையம் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே தையல்காரரிடம் கொடுத்து, நீளப்பக்கத்தின் நடுவில் ஒரு நாடாக் காது தைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் துண்டுக்கும் அதைத்தான் செய்தோம். இன்றும் அவர் பையில் தொங்குகிறது.

ஓரத்தையும் திருப்பிப் பாருங்கள். மடிக்காமல், ஓரத்தைச் சுற்றி ஓடும் ஓவர்லாக் தையல் மட்டும் போட்டு விட்டிருந்தால் முள்ளிலோ பையின் வெல்க்ரோவிலோ ஒரு நூல் மாட்டினால் போதும், வரிசையாகப் பிரிந்துவரும். இரண்டு மடிப்பு மடித்து நேர்த்தையல் போட்ட ஓரம் அப்படிப் பிரிவதில்லை.

இனி துணி. பருத்திக்கு ஒரு குணம் உண்டு, நனைந்தால் அதன் வலு கூடும். ஈரத்திலேயே வேலை பார்க்கும் துண்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? மூங்கில் துண்டு என்று விற்பவை பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது மரக்கூழைக் கரைத்து இழையாக்கியது. தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், தண்ணீரையும் நன்றாக இழுக்கும். ஆனால் சாதாரண விஸ்கோஸ் நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். முகம் துடைக்க வைத்துக்கொள்ளலாம். சேறு அப்பிய டிஸ்க்கை அழுத்தித் துடைக்க நான் அதை எடுக்க மாட்டேன்.

மைக்ரோஃபைபர் வேறு வகை. ஒரு டெனியருக்கும் (இழையின் கனத்தைச் சொல்லும் அலகு) மெல்லிய இழை, பெரும்பாலும் பாலியெஸ்டரும் நைலானும் கலந்தது. பாலியெஸ்டர் இழை தனக்குள் ஈரத்தை வைத்துக்கொள்வதே இல்லை என்று சொல்லலாம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். மைக்ரோஃபைபர் இழுக்கும் தண்ணீரெல்லாம் இழைகளின் இடுக்கில் நிற்கிறது. அதனால்தான் பிழிந்து உதறினால் சீக்கிரம் காய்கிறது. குறை என்னவென்றால், புல் விதை, காய்ந்த சருகுத் தூள், மணல் எல்லாவற்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். மணல் பிடித்த துண்டால் துடைத்தால் டிஸ்க்கிலும் கீறல் விழும், துண்டின் இழையும் அறுபடும்.

இதனால் நான் இரண்டு துண்டு வைத்துக்கொள்கிறேன். வெளியே தொங்குவது 400 ஜிஎஸ்எம் அளவில், குட்டையான பூ உள்ள பருத்தித் துண்டு. கட்டம் கட்டமாகக் குழி விழுந்த வாஃபிள் நெசவு கிடைத்தால் இன்னும் நல்லது, காய்ந்த சேறு உதறினாலே கொட்டிவிடும். சேறு, மணல், புல் எல்லாம் அதோடு நிற்க வேண்டும். பைக்குள், நனையாத அறையில், உள்ளங்கை இரண்டு அளவுக்கு ஒரு மைக்ரோஃபைபர் துண்டு. எறியப் போகும் கடைசி நொடியில் விளிம்புக்கும் விரல்களுக்கும் மட்டும் அது. 600 ஜிஎஸ்எம் என்று சொல்லும் தடித்த துண்டுகள் குளியலறைக்கு அருமையானவை. பையில் அவை காயவே காயாது. அதே மாதிரி, முறுக்கே இல்லாத நூலில் நெய்த மெத்தென்ற துண்டுகளும் இந்த வேலைக்கு ஆகாது. முறுக்குதான் நூலுக்கு உயிர். விரலால் ஒரு பூவை லேசாக இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் முதல் முள்ளிலேயே அது வந்துவிடும்.

வாங்கியதும் இரண்டு முறை துவைத்த பிறகே பையில் மாட்டுங்கள். புதுத் துணிக்குக் கடையில் கை வைத்ததும் மெத்தென்று இருக்கட்டும் என்று மென்மையூட்டி ஏற்றியிருப்பார்கள். அது தண்ணீரை உள்ளே விடாது. நாங்கள் கூடத்தில் செய்யும் சோதனையை வீட்டிலும் செய்யலாம். துண்டை ஒரு கிண்ணத்தின் மேல் இழுத்து விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். சொட்டின் மேல் வெளிச்சம் மினுங்குவது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று எண்ணுங்கள். நல்ல துண்டில் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் மறைந்துவிடும். முத்து மாதிரி உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். துணி மென்மையூட்டித் திரவத்தை வீட்டிலும் ஊற்றாதீர்கள், அதே படலம் திரும்ப வந்துவிடும். மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பருத்திப் பிசிறையெல்லாம் அது வாரிக்கொள்ளும். சூடான உலர்த்தியில் போட்டாலோ, இஸ்திரி வைத்தாலோ அதன் இழைகள் உருக்குலைந்து துணி விறைத்துவிடும்.

அடுத்தது ஈரம். ஆட்டம் முடிந்ததும் துண்டைப் பைக்குள் திணித்து, பையை வண்டியின் டிக்கியில் வைத்துவிட்டு அடுத்த வாரம் எடுப்பவர்கள்தான் அதிகம். பருத்தி செல்லுலோஸ்; பூஞ்சைக்கு அது சாப்பாடு. அந்த முடை நாற்றம் வந்துவிட்டாலே உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கரும்புள்ளி விழுந்த பருத்தியை இழுவைக் கருவியில் மாட்டி இழுத்தால், பார்க்க முழுசாக இருந்தும், பழைய காகிதம் மாதிரி கிழியும். வீட்டுக்குள் வந்ததும் பையை வைக்கும் முன் துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்க் துடைத்த துண்டால் முகத்தையோ கழுத்தையோ துடைக்காதீர்கள். வட அமெரிக்காவின் காட்டுத் தடங்களில் பாய்சன் ஐவி என்ற கொடி உண்டு. அதன் உருஷியால் என்ற எண்ணெய் பட்டால் பெரும்பாலானோருக்குத் தோல் தடித்து, கொப்புளம் வரும். புதரில் விழுந்த டிஸ்க்கிலிருந்து அந்த எண்ணெய் துண்டுக்கு ஏறும். துணியில் காய்ந்த பிறகும் வெகுகாலம் அதற்கு வீரியம் போகாது. சந்தேகம் வந்தால் துண்டைக் கையுறையோடு எடுத்து, மற்ற துணிகளோடு கலக்காமல், சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டுத் துவைக்க வேண்டும். டிஸ்க்குகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். வியர்வைக்குத் தனியாக ஒரு கைக்குட்டை இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் பூவெல்லாம் உதிர்ந்து வெறும் பாவு தெரிய ஆரம்பிக்கும். அப்போதும் நான் துண்டைத் தூக்கி எறிவதில்லை. ஓரத்தைத் தைத்து, நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொள்கிறேன். மரக்கிளைக்கு அடியில் முட்டி போட்டு எறிய வேண்டி வந்தால், ஈரத் தரையில் விரிக்க உதவும். அமுக்கினால் 1 செ.மீ. கனத்துக்கு மேல் போகாத துண்டைக் காலடியில் விரித்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. பூ உதிர்ந்த துண்டை நான்காக மடித்தாலும் அந்தக் கனம் வருவதில்லை.