தவில் வாசிக்கும் வீட்டுக்கு எந்த மைக்?

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை நடத்துகிறேன். என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஞாயித்துக்கிழமை நாலஞ்சு பேர் வீட்ல உக்காந்து வாசிக்கிறோம் சார். ரெக்கார்ட் பண்ண என்ன வாங்கலாம்?" கேட்கிறவர்களில் பாதிப் பேர், ஸ்டாண்டும் பஞ்சுமாக ஒரே பெட்டியில் வரும் மலிவான கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற வகை) செட்டை ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கியிருப்பார்கள்.

அந்த செட் ஒருவர் வாய்க்கு நேரே வைத்துப் பேசுவதற்குத்தான் சரி. நாலு பேர் வாசிக்கும் கூடத்தில் வைத்தால் ஃபேன், எதிர்வீட்டு டிவி, பின்கட்டு மோட்டார் எல்லாம் பாட்டோடு சேர்ந்து வரும்.

நம் பக்கத்தில் சிக்கலே வாத்தியங்களின் சத்த வித்தியாசம்தான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாதஸ்வரம், வீதியுலாவில் தெருமுனை வரை கேட்க வேண்டிய வாத்தியம். தஞ்சாவூர் வீணையோ பலாமரத்தில் செய்தது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும். இரண்டும் ஒரே கூடத்தில், கூடவே ஒரு கீபோர்டும் தவிலும். வீணைக்குச் சரியாக வைத்த கெயினில் (மைக் சத்தத்தை ஏற்றும் அளவு) தவில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் கிழிந்துவிடும். தவிலுக்காகக் குறைத்தால் வீணை காணாமல் போகும். எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் இது தானாகச் சரியாகாது. யார் எங்கே உட்காருகிறார் என்பதுதான் சரிசெய்யும்.

அதனால் இப்படிக் கூடி வாசிக்கும் ஜாமுக்கு மட்டும் என்றால் முதலில் கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று வாங்குங்கள் என்பேன். பத்தாயிரம் ரூபாயை ஒட்டியே நல்லது கிடைக்கிறது. லேப்டாப் வேண்டாம், கேபிள் வேண்டாம், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜூம் ஹெச்1 வகையில் இரண்டு மைக்கும் குறுக்காக முன்பக்கம் பார்த்திருக்கும். பின்னால் உட்கார்ந்தவர் மங்கலாகத்தான் விழுவார். டாஸ்கம் டிஆர்-05எக்ஸில் இருப்பது எல்லாப் பக்கமும் கேட்கும் மைக். வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது தோது. பாடகரும் வீணையும் ரெக்கார்டரிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கட்டும், தவிலும் நாதஸ்வரமும் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போகட்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். சுவர் எதிரொலி இருப்பதால் வீட்டுக்குள் அவ்வளவு குறையாது, ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சுருதிப் பெட்டியையோ தம்புரா ஆப் ஓடும் போனையோ ரெக்கார்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். அதுதான் கச்சேரி பண்ணும்.

கெயினை, தவில்காரர் உச்சத்தில் வாசிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடுகிற அளவில் நிறுத்துங்கள். மெல்லியதையும் பெரிய சத்தத்தையும் கிழியாமல் பதிகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் கெயின் வைக்கவே தேவையில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மைக்கின் சவ்வுக்கே ஒரு தாங்கும் எல்லை உண்டு. நாதஸ்வரத்தின் அனசுக்கு (அகன்ற அடிமுனை) நேராக ஒரு சாண் தூரத்தில் வைத்துவிட்டு பிட் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

கையில் பணம் இல்லையா, போனிலேயே ஆரம்பியுங்கள். சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் ஆப் சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும். மிருதங்கத்தில் ஒரு அடி விழுந்ததும் பாட்டு உள்ளே போய் மெல்ல மேலே வரும். கெயினைக் கையால் வைக்க விடுகிற ஆப்பைத் தேடிப் போடுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள்.

ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கில் வேண்டும், பிறகு மிக்ஸ் பண்ண வேண்டும் என்கிற கட்டம் வந்தால்தான் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி. இரண்டு இன்புட் உள்ளதை வாங்கிவிட்டு மூன்றாம் மாதமே நாலு இன்புட் தேடுகிறார்கள். நாலு பேர் என்றால் முதலிலேயே நாலாக வாங்கிவிடலாம். பாட்டுக்கு டைனமிக் மைக் போதும், தூரத்துச் சத்தத்தை அது அதிகம் இழுக்காது. மைக்செட்காரர்கள் வைத்திருக்கும் அஹூஜா மைக்கே ஓடும். ஆனால் அதோடு வரும் கேபிளின் மறுமுனை பெரும்பாலும் பி-38 ஜாக், கிட்டாருக்குக் குத்துகிற தடித்த கால் அங்குல முனை. அதை இன்டர்ஃபேஸில் குத்தினால் மைக் வழியாகப் போகாமல் கீபோர்டு மாதிரிக் கருவிக்கான லைன் வழியாகப் போய், சத்தம் ஈனமாக வரும். "மைக் ரிப்பேர் சார்" என்று என்னிடம் வருகிறவற்றில் பல இந்தக் கதைதான். இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் முனை) உள்ள கேபிள் வாங்கினால் முடிந்தது.

அடுத்து "ஙொய்ங்" என்ற இரைச்சல். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இல்லையென்றால் கீபோர்டு, ஆம்ப், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். தயவுசெய்து பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். இரைச்சல் போவதற்காக அதைச் செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஆம்ப்பில் கசிவு வந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைக்கிறவர் உடம்பு வழியாகத்தான் கரண்ட் போகும். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸ் (கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போடும் சின்னப் பெட்டி) இருக்கிறது, எர்த்துக்கு எலக்ட்ரீஷியன் இருக்கிறார்.

அறைக்குச் செலவு வேண்டாம். முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது கட்டுக்கதை. டைல்ஸ் போட்ட கான்கிரீட் கூடம்தான் மோசம். தரையில் கனமான ஜமக்காளம் விரித்து, வெற்றுச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வையுங்கள். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கியிருக்கிற ரேழி கிடைத்தால் விடாதீர்கள், அங்கே எதிரொலி அடங்கிவிடும். ஃபேனைப் பாட்டுக்குப் பாட்டு நிறுத்துவதுதான் கஷ்டம், மே மாதத்தில் ஆளே வரமாட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்டென்சர் மைக் ஈரம் கோத்துப் பொரிகிற மாதிரி சத்தம் போடும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

இன்டர்ஃபேஸ் மாதிரிப் பழைய சாமான் வாங்குவதில் தப்பில்லை, நானே வாங்குவேன். ஹெட்ஃபோனும் கண்டென்சர் மைக் ஒன்றும் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கெயின் குமிழையும் மெதுவாகத் திருகிக் கேளுங்கள், கரகரப்பு வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். கேபிள் வழியாகவே கண்டென்சர் மைக்குக்குக் கரண்ட் தரும் 48 வோல்ட் பாண்டம் பவரைப் போட்டதும் மைக் உயிர் பெறவில்லை என்றால் அந்த இன்டர்ஃபேஸ் வேண்டாம்.