நள்ளிரவில் வீட்டை உலுக்கும் குட்டிப் பேய்கள்

நள்ளிரவில் 'படக்' என்று ஒரு சத்தம். காற்று இல்லை, நிலநடுக்கம் இல்லை, பக்கத்து அறையில் ஆளும் இல்லை. பழைய ஜப்பானில் இந்தப் பழி யனரி என்ற பேய்களின் தலையில் விழுந்தது. ஓவியர் தொரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட பேய்ப்படப் புத்தகத்தில், குள்ளக் குள்ளமான யனரிகள் கூட்டமாக நின்று ஒரு வீட்டை உலுக்குகின்றன. முகத்தில் கொடூரத்தைவிடக் குறும்புதான் அதிகம்.

சத்தம் என்னவோ உண்மைதான். அங்கே பழைய வீடுகளில் தூண், உத்திரம், தரை எல்லாமே மரம். ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறுக்கிச் செருகிவிடுவார்கள்; ஆணிக்கு அதிக வேலை இல்லை. மரமோ வெட்டிய பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், திரும்ப விடும். அதன் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் சுருங்கத் தொடங்கும். அதுவும் ஒரே சீராகச் சுருங்காது. நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அகலவாக்கில் பல மடங்கு அதிகம். ஒன்றுக்கொன்று குறுக்கே செருகிய இரண்டு மரங்கள் இப்படி ஆளுக்கொரு அளவில் சுருங்கினால், அவை சேரும் இடத்தில் இழுபறிதான்.

கனமான பீரோவைத் தரையில் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாது, அப்புறம் சட்டென்று ஒரு குதி குதிக்கும். மரப்பொருத்துகளிலும் இதே கதைதான். உராய்வு பிடித்து வைத்திருக்கும்வரை விசை சேர்ந்துகொண்டே போகும். பிடி விட்டதும் மரம் நூலளவு நழுவி, சேர்ந்ததெல்லாம் ஒரே சத்தமாக வெளியே வரும். பகலில் சூடேறிய கூரை இரவில்தான் குளிர்கிறது, ஊரும் அடங்கியிருக்கிறது. போதாததற்குப் படுக்கை தரையிலேயே விரித்திருப்பதால் காது பலகைக்குப் பக்கத்தில் இருக்கும்.

எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவே முடியாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; மரத்தின் நீளவாக்கில் 4,000 மீட்டர் அளவுக்குப் பாயும். ஒரு மூலையில் நழுவியது கண நேரத்தில் தூண், கூரை, தரை எல்லாவற்றையும் அதிரவைத்துவிடும். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை, அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் மூளை இங்கே திணறுகிறது. திசை தெரியாத சத்தத்துக்கு ஓர் ஆளைக் கற்பித்துக்கொள்வது மனித மனத்தின் பழைய பழக்கம்.

திகில் கதை சொல்பவருக்கு இதுவே போதும். இவாத்தே மாகாணத்தின் தோனோ பகுதிக் கதைகளை நாட்டுப்புறவியல் அறிஞர் யனகிதா குனியோ 1910இல் புத்தகமாக்கினார். அதில் ஒரு தாய் தனியாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் காகிதம் சரசரக்கிறது. அறைக்காரர் தோக்கியோவில். பலகைக் கதவைத் திறக்கிறாள், யாருமில்லை. திரும்ப வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. சரி, இது ஸாஷிகி வராஷிதான் என்று நினைத்துக்கொள்கிறாள். ஸாஷிகி வராஷி, வீட்டுக்குச் செல்வம் தரும் குழந்தை ஆவி. (எந்த உத்திரமும் மூக்கை உறிஞ்சாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) கதவைத் திறந்தும் ஒன்றும் இல்லாததுதான் இங்கே திகில். ஓர் உருவத்தைக் காட்டியிருந்தால் கதை அங்கேயே படுத்திருக்கும்.

ஒரு வேடிக்கை: மரம் இன்னும் முழுதாக உலராததால், பெரும்பாலும் புது வீடுதான் அதிகமாகச் சத்தம் போடும். முதல் ஓரிரு வருடத்தில் மெல்ல அடங்கிவிடும். பேய்க்கதை என்றால் மட்டும் நம் நினைவுக்கு வருவது பாழடைந்த பழைய வீடுதான்.