திரைக்கதை: சொல்லும் பொருளும்

கோலாலம்பூர் கொலிசியத்தில் தமிழ்ப் படம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, "கதையே இல்லலா" என்பார் ஒருவர். இன்னொரு படத்துக்கு, "ஸ்கிரிப்ட் செம ஸ்டிராங்" என்பார். பெரும்பாலும் முதலில் குறை சொன்னது கதையை அல்ல, திரைக்கதையை. அப்புறம் பாராட்டியதும் அதைத்தான்.

ஸ்கிரிப்ட் என்பது 'எழுது' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுதிவைத்தது எதுவானாலும் ஸ்கிரிப்ட்தான். அதனால் கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். தமிழ்ப் படத்தின் பெயர்ப் பட்டியலோ இவற்றைத் தனித்தனியாகவே காட்டுகிறது. அந்தப் பிரிப்புதான் சரி.

திரை என்றால் அலை; 'நரை திரை' என்னும்போது தோல் சுருக்கம்; மறைக்கும் துணியும் திரைதான். சிலப்பதிகார அரங்கேற்று காதை நாடக மேடைத் திரையை எழினி என்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று அதில் மூன்று வகை. சினிமா வந்தபோது படம் விழும் வெள்ளைத் துணிக்குத் திரை என்ற பெயர் அமைந்தது. மலாயில் திரைக்கதைக்கு 'லக்கோன் லாயார்' என்பார்கள். லக்கோன் என்றால் நாடகம். லாயார் என்றால் பாய்மரத் துணி. சினிமாத் திரைக்கும் அதே சொல்தான்.

சரி, கதைக்கும் திரைக்கதைக்கும் என்ன வேறுபாடு? செந்தூலில் ஓர் அப்பா, மகளின் படிப்புக்காக வீட்டை விற்கிறார். இது கதை, ஒரு வரியில் முடிந்துவிடும். வீடு பார்க்க வந்தவரிடம், "குசினிக் குழாய் ஒழுகும், இறுக்கித் திருகணும்" என்று அவரே குறையைச் சொல்லிக் குழாயைத் திருகிக் காட்டுகிறார். அடுத்த அறையில் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது திரைக்கதை. எதை முதலில் காட்டுவது, எதைச் சொல்லாமல் விடுவது, யார் காதில் எது விழ வேண்டும் என்ற தீர்மானங்கள்தான் அது. "எல்லாம் உனக்காகத்தாம்மா" என்று அப்பாவைப் பேசவிட்டால் அங்கே நடிகருக்கு வேலையே இல்லை. பேசாமல் விட்டால், குழாயை இறுக்கிய கை அதை விட்டு விலகத் தயங்குவதில் அவர் முழுதாக நடித்துவிடலாம். நல்ல நடிப்புக்கு இடம் எழுத்தில்தான் உருவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த நடிப்புக்குத் தமிழில் அருமையான சொல் உண்டு: மெய்ப்பாடு. மெய் என்றால் உடல். உள்ளே உள்ளது உடலில் தெரிவது மெய்ப்பாடு. 'எக்ஸ்பிரஷன்' என்று நாம் சொல்லுமிடத்தில் தாராளமாக இதைப் பயன்படுத்தலாம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுவது. இழவு என்பது இழப்பு. அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது. வீடு விற்கும் அந்த அப்பாவிடம் அசைவும் உண்டு, வறுமையும் உண்டு. எல்லாச் சோகத்துக்கும் ஒரே முகத்தைக் காட்டும் நடிகருக்கும் தேர்ந்த நடிகருக்கும் உள்ள வேறுபாடு இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அதன் பெயரே 'கெட்ட' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான 'ஜாஹாட்' நம் வாயில் மாறிய வடிவம். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. எழுத்தும் நடிப்பும்தான் படத்தைத் தாங்கின.

இனி சொல் தேர்வு. ஸ்கிரீன்பிளேக்குத் திரைக்கதை, டயலாக்குக்கு உரையாடல் (வசனம் வடசொல், ஆனாலும் வழக்கில் ஊறிவிட்டது, விலக்க வேண்டியதில்லை). படப்பிடிப்பில் எல்லார் கையிலும் இருக்கும் அந்தத் தாள்கட்டை மட்டும் சொல்ல வேண்டுமானால், திரைக்கதைப் படி.