சத்தியக்கடதாசி மட்டும் போதாது

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு பெரியவர் உரப்பையொன்றை மடியில் வைத்துக்கொண்டு பதிவுப் பிழை திருத்த வருபவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் என் வவுனியா அலுவலகத்தின் வாங்கில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. முறை வந்து உள்ளே வந்தபோதும் பையைக் கீழே வைக்கவில்லை. மூன்று சுற்றுப் பொலித்தீனைப் பிரித்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். இராணுவத்திலிருந்து இளைப்பாறியதற்கான பத்திரம். 1962இல் வாகனம் திருத்துபவராகச் சேர்ந்து 1984இல் வெளியே வந்திருக்கிறார்.

இளையவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இலங்கை இராணுவம் 1949இல் அமைக்கப்பட்ட நாள்தொட்டு அதில் தமிழரும் இருந்தார்கள். 1955இல் அதன் தளபதியாகப் பொறுப்பேற்ற முதலாவது இலங்கையரான அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். ஆனால் இந்தப் பெரியவரை நெடுங்கேணியில் எல்லோரும் லொறிக்காரர் என்றே அறிந்திருந்தார்கள். மாதாமாதம் எதற்காக வவுனியாவுக்குப் போய்வருகிறார் என்று அவர் அயலுக்குச் சொன்னதில்லை. 1997இல் போரால் ஊர் இடம்பெயர்ந்தபோது அந்தப் பத்திரத்தை ஆட்டுக்கொட்டிலுக்குக் கீழே புதைத்துவிட்டு வந்தாராம். இராணுவப் பக்கத்துச் சோதனையில் அது அவரைக் காப்பாற்றியிருக்கும். மறுபக்கத்தில் அதே கடதாசி என்ன செய்திருக்கும் என்று சொல்ல முடியாது. மண்ணுக்குள் இருப்பதே நல்லது என்று முடிவெடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன்.

அவருடைய சேவைப் பதிவில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, தகப்பன் பெயர் அவர் பெயராகவும் அவர் பெயர் தகப்பன் பெயராகவும் ஏறியிருந்தது. நாம் தகப்பன் பெயரை முன்னால் எழுதுகிறோம். முன்னால் இருப்பதே ஆளின் பெயர் என்று எழுதியவர் எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது பிழைக்கு அவரே காரணம். கலியாணம் முடித்ததும் மனைவியின் பெயரைப் பதியச் சொன்னபோது, வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருக்கிறார். விவாகப் பதிவில் இருக்கும் பெயர் வேறு. நாற்பது வருடம் ஓய்வூதியம் எடுத்தவருக்கு இது ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. இடைஞ்சல் வரப்போவது அவர் கண்ணை மூடிய பிறகு. விதவைகள் ஓய்வூதியத்துக்கு அந்த அம்மா போய் நிற்கும்போது, அவருடைய சேவைக் கோவையில், அதாவது பைலில், பதிந்திருக்கும் மனைவி வேறொருத்தியாக இருப்பாள்.

பைக்குள் மூன்று சத்தியக்கடதாசிகளும், அதாவது சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலங்களும், இருந்தன. மூன்றும் ஒரே வாசகம், மூன்று சமாதான நீதவான்களின் கையொப்பம். “எல்லாம் எழுதி முடித்துவிட்டேன், தம்பி. இதை அனுப்பினால் சரிதானே?” என்று கேட்டார்.

சரிவராது, ஐயா.

வன்னியில் சத்தியக்கடதாசிக்கு இருக்கும் மதிப்பு என்னை மலைக்க வைக்கிறது. எதைத் தொலைத்தாலும், எது பிழைத்தாலும், முதல் வேலையாக அதை எழுதுவித்துவிடுகிறார்கள். காரணமும் உண்டு. இடம்பெயர்வுக் காலத்தில் கையில் ஒன்றுமில்லாத சனத்துக்கு அது மட்டும்தான் கிடைத்தது. ஆனால் சத்தியக்கடதாசி என்பது இன்றைக்கு நீங்கள் சொல்லும் சொல். கோவையில் இருப்பது அன்றைக்கு எழுதிய எழுத்து. பிழையென்று ஒருவரும் சண்டை பிடிக்காத காலத்தில், வேறொரு தேவைக்காக, வேறொரு கை எழுதிய பழைய கடதாசி ஒன்றுதான் அந்த எழுத்தை அசைக்கும். பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, பழைய வங்கிப் புத்தகம், வாக்காளர் இடாப்பு, விவாகப் பதிவு. இவற்றில் இரண்டு கிடைத்தால் போதும்; சத்தியக்கடதாசி அவற்றைக் கோத்துக் கட்டும் நூலாக நிற்கும்.

கைவசம் இருந்தும் பலர் கவனிக்காத சான்று தேசிய அடையாள அட்டை. அதன் இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் 500 கூட்டியிருக்கும். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. இது தெரியாமல் ஒரு நாள் பிழை என்று ஓடிவந்தவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற வைத்தியசாலைப் பெண் பணியாளர் ஒருவருக்கு இந்தக் கணக்கு கைகொடுத்தது. பிறந்தது 1965 மார்ச் 15. சுயவிபரக் கோவையில் மே 15 என்று இருந்தது; 2009இல் பழைய கோவை தொலைந்து, பிறகு புதிதாகத் திறந்தபோது ஏறிய பிழை. 60 வயதில் இளைப்பாற வேண்டியவர் இரண்டு மாதம் கூடுதலாக வேலை செய்துவிட்டார். அந்தச் சம்பளத்தைத் திருப்பித் தரும்படி கடிதம் வந்தபோதுதான் விடயம் வெளிப்பட்டது. அவர் என்னிடம் கேட்டது: “பிறப்புச் சான்றிதழை மே என்று மாற்றித் தர முடியுமா, சேர்? அதுதான் சுகம்.”

இப்படிப் பலர் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. சட்டைக்கு ஏற்றபடி கையை வெட்டுகிற யோசனை இது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் பதிவில் உள்ள பிழையைத் திருத்த இடம் தருகிறது. சரியாக இருப்பதைப் பிழையாக்க இடம் தரவில்லை. தெரிந்துகொண்டு பொய்யான வெளிப்படுத்தல் செய்வது குற்றம். அத்தோடு, பிறப்புச் சான்றிதழை அசைத்தால் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பதிவு எல்லாம் ஆடும். அவருடைய அட்டை இலக்கம் 65575 என்று தொடங்கியது. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மார்ச்சில் 15. ஆக 75, அதோடு 500. மே என்றால் 636 வந்திருக்க வேண்டும். அந்த அட்டையின் பிரதி அலுவலகத்திலேயே, அதே கோவைக்குள் கிடந்தது. பிழை யாருடையது என்று அதற்குப் பிறகு நீண்டநேரம் வாதாட வேண்டியிருக்கவில்லை.

கோவையே இல்லாமற்போன கதை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் அருகே 1973 ஜூலை 12ஆம் திகதி இராணுவ ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1 கோடி 60 இலட்சத்துக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோவைகள் அழிந்தன. விமானப் படைக் கோவைகளில் எது தப்பியது என்பதை அகரவரிசையில் பெயர் எங்கே நின்றது என்பதுதான் தீர்மானித்ததாம். அங்கே சம்பளப் பற்றுச்சீட்டுகளையும் வைத்தியசாலைக் குறிப்புகளையும் பொறுக்கி ஒவ்வொருவருடைய சேவையையும் மீளக் கட்டினார்கள். பதிவுப் பிழையைத் திருத்தவென்றே அவர்களுக்குத் தனிச் சபையும் இருக்கிறது; பிழையைக் கண்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தவணை என்று ஒன்று இருந்தால் சனம் ஓடிப்போய்ச் செய்யும். இங்கே அவசரப்படுத்த ஆளில்லாதபடியால் உரப்பைக்குள் நாற்பது வருடம் கிடக்கிறது.

பெரியவருக்கு வருகிறேன். திருத்தச் சொல்லி எழுத முன்னர், கோவையில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, இல்லாத பிழைக்கு மனு எழுதுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவருடைய பதிவுகளின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் அப்பால் ஆணைக்குழு. தன்னைப் பற்றிய பதிவைத் தானே கேட்பவருக்கு அந்தரங்கம் என்று கதவை அடைக்க முடியாது. பிரதி வந்தது. மனைவியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் வீட்டுப் பெயர், மற்ற இடத்தில் அதன் சிதைவு.

கடிதத்தைத் தமிழில் எழுதினேன். எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதுவதற்கும் தமிழில் பதில் பெறுவதற்கும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. கூடவே, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். உரிமை ஒரு பக்கம். மேசையில் இருக்கும் இளைஞருக்கு விளங்குவது இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தில், எந்த வரியில், என்ன இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், அதற்குச் சான்று எது என்று ஒன்றரைப் பக்கத்துக்குள் முடித்தேன். வீட்டுப் பெயரைக் கொடுத்தது தன் பிழைதான் என்பதையும் எழுதச் சொன்னேன். பெரியவருக்கு வெட்கம். ஆனால் தன் பிழையை ஒத்துக்கொள்ளும் கடிதத்தை அதிகாரி நம்பத் தொடங்குவார். பதிவுத் தபாலில் போட்டு, சிட்டையை மூலப் பத்திரத்தோடு பின் பண்ணிக் கொடுத்தேன். மூலத்தை எங்கும் அனுப்ப வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியிருப்பேன்.

ஏழு மாதத்தின் பிறகு பதில் வந்தது. மனைவியின் பெயர் விவாகப் பதிவின்படி திருத்தப்பட்டிருந்தது. அவருடைய சொந்தப் பெயரை மட்டும் மாற்றவில்லை; இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று குறிப்பு மட்டும் எழுதியிருந்தார்கள். இன்னொரு முறை எழுதிப் பார்ப்போம், சட்டப்படி இடம் இருக்கிறது என்றேன்.

“வேண்டாம், தம்பி,” என்றார். “இருபத்திரண்டு வருடம் அவர்கள் என் ஐயாவின் பெயரைக் கூப்பிட, நான்தான் முன்னால் போய் நின்றேன். அது அப்படியே கிடக்கட்டும். அவளுடையது சரிவந்துவிட்டதுதானே.”