வயலுக்குள் இறங்கும் கால்

"தம்பி, இதோட வயலுக்குள்ள இறங்கலாமோ?"

வன்னியில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் கேட்ட முதற் கேள்வி இது. காலபோக விதைப்புக்குச் சில கிழமைகளே இருந்தன. நோகுமா, எப்ப கிடைக்கும் என்பதையெல்லாம் அப்புறம்தான் கேட்டார். மிதிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்.

"இறங்கலாம் ஐயா. ஏறி வந்து கழுவித் துடைச்சு வையுங்கோ."

செயற்கைக் காலை வடிவமைக்கிறவர், அதைப் போடப்போகிறவரின் நாளைய வாழ்க்கையை முதலில் மனதில் வரைந்துகொள்கிறார். 1950களில் மேற்கு நாடுகளில் பரவிய பாதத்துக்குள் இருந்த படம் இது: சப்பாத்துப் போட்டு, சமதரையில் நடந்து, கதிரையில் இருக்கும் ஒருவர். அந்தப் பாதத்தின் நடுவே கணுக்காலிலிருந்து விரல் அடி வரை நீளமான மரக்கட்டை, குதிக்காலில் மெத்தென்ற ஒரு துண்டு. குதி நிலத்தில் படும்போது மெத்தை அமுங்கி அதிர்ச்சியை வாங்கும். சமதரைக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்ப அமைத்த பாதம் அது. சப்பாத்தைக் கழற்றினால் உடம்பு பின்னால் சரியும். குந்தவும் முடியாது. நீங்களே ஒருமுறை குந்திப் பாருங்கள்: முழங்கால் முன்னே போகப் போக, கணுக்கால் மடிந்து முன்னங்கால் எலும்பு பாதத்தின் மேல் சாய்கிறது. நீண்ட மரக்கட்டை அதற்கு இடம் கொடாது.

கிணற்றடியிலும் அடுப்படியிலும் குந்துகிற, வற்றாப்பளை அம்மன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மனிதருக்கு அது வேறு யாருடையதோ கால்.

இந்தச் சிக்கலை 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் இருவர் தீர்த்தார்கள். ஒருவர் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி. மற்றவர் ராம் சந்திர சர்மா, அதிகம் படிக்காத, பரம்பரைக் கைவினைஞர். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. பாதத்துக்கு உருவம் கொடுத்த கை சர்மாவுடையது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்கள் செய்த பாதத்தில் மூன்று துண்டுகள். கணுக்காலில் மட்டும் மரம். குதியிலும் முன்பாதத்திலும் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த இறப்பர். மரம் கணுக்காலோடு நின்றுவிடுவதால் முன்பாதம் மேல்நோக்கி மடியும், குந்தலாம். இறப்பர் பக்கவாட்டிலும் கொஞ்சம் முறுகும். வரம்பில் கால் சரிந்தால் பாதம் நிலத்தின் போக்குக்கு வளைந்து கொடுக்கும். இந்த மூன்றையும் ரயருக்குள் இருக்கும் நைலோன் நூல் இறப்பரால் சுற்றி, அடியில் ரயர் இறப்பரும் மேலே தோல்நிற இறப்பரும் வைத்து, அச்சுக்குள் இட்டுச் சூடாக்குவார்கள். சூட்டில், இறப்பரில் கலந்திருக்கும் கந்தகம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். எல்லாம் ஒரே உடம்பாகி, தண்ணீர் உள்ளே புகாத பாதம் வெளிவரும். விரல்களும் தெரியும். வெறுங்காலோடு பத்துப் பேர் நடுவில் நிற்பவருக்கு அந்த விரல்கள் அலங்காரத்துக்கும் மேலான விஷயம். பாரம் சற்றுக் கூட என்பது அதன் குறை.

வடக்கில் 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தால் இந்த முறை நமக்குப் பழக்கமானது. "ஜெய்ப்பூர் கால்" என்பது இங்கே இப்போது வீட்டுச் சொல்.

பாதத்தைவிட நுட்பமான வேலை அதற்கு மேலே, எஞ்சிய கால் போய் அமரும் கிண்ணத்தில் இருக்கிறது. அன்று நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது அதைத்தான். பெரியவரின் காலில் மெல்லிய காலுறையை இழுத்துவிட்டு, எலும்பு துருத்தும் இடங்களைத் தடவிப் பார்த்து, ஊதா மை பென்சிலால் வட்டமிட்டார்கள். மேலே ஈரமான பரிஸ் சாந்துத் துணியைச் சுற்றினார்கள். அது இறுகியதும் கழற்றினால், உள்பக்கத்தில் அந்த ஊதா வட்டங்கள் பதிந்திருந்தன. அதற்குள் சாந்துக் கரைசலை ஊற்றி எடுத்த வெள்ளைக் காலிலும் அதே வட்டங்கள்.

பிறகு அரம் எடுத்தார் கால் செய்பவர். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரம் தாங்கும். அங்கே சாந்தைச் சீவிக் குறைத்தார். முன்னெலும்பின் விளிம்பு தாங்காது. அங்கே சாந்தை அப்பிக் கூட்டினார். சீவிய இடத்தில் கிண்ணம் இறுக்கிப் பிடிக்கும், கூட்டிய இடத்தில் தொடாமல் விலகும். சிலை செய்கிறவரின் கைவேலைதான் இது. அதன்மேல், தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் வகைப் பிளாஸ்ரிக்கைச் சூட்டில் இளக்கி இழுத்து மூடினால் கிண்ணம் தயார்.

முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கு இன்னொரு மூட்டு வேண்டும். கதவுப் பிணைச்சல் போல ஒரே அச்சில் மடிகிற மூட்டு, பாரம் பிழையாக விழுந்தால் சட்டென்று மடிந்து ஆளை விழுத்திவிடும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஜெய்ப்பூர்க்காரர்களோடு சேர்ந்து செய்த மலிவான மூட்டில் நான்கு சட்டங்கள் இணைந்திருக்கும். நேராக நிற்கையில் அதன் சுழற்சி மையம், உடம்பின் பாரம் நிலத்துக்கு இறங்கும் கோட்டுக்குப் பின்னால் விழுவதால், நம் பாரமே மூட்டைப் பூட்டிவிடும். மடியும்போது கால் சற்றுக் குறுகும். விரல் நிலத்தில் இடறாது.

இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. கடைசி வெடியை எடுத்த பிறகும் இந்தப் பட்டறைகள் வேண்டும். எஞ்சிய கால் வருடங்களோடு மெலியும், கிண்ணம் தளரும். வளரும் பிள்ளைகளுக்கோ அடிக்கடி புதுக் கால்.

பெரியவருக்கு அடுத்த கிழமை கால் பொருத்தினார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நாலைந்து தரம் நடந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பிடித்து மெல்லக் குந்தினார், எழுந்தார். மூன்றாம் முறை குந்துவதற்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார்.