ஏழு வார்த்தை எழுதினால் குறள் ஆகாது, அண்ணாச்சி

‘குறள்’ எழுதி என்னிடம் காட்ட வந்த ஓவியங்களில் இந்த மாதத்தில் இது நான்காவது. குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி வெள்ளத்தில் நிற்கிறது. படம் அருமை, அதுதான் வயிற்றெரிச்சல். படத்தின் வானத்தில் வெள்ளை அக்ரிலிக்கில் வரைந்தவரே எழுதிய ‘குறள்’:

ஆற்றில் வெள்ளம் கோயில் மூழ்கி
முருகன் மட்டும் உள்ளே

“நாலும் மூணும் ஏழு வார்த்தை சரியா இருக்குல்லா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

இருக்கிறது. ஆனால் பாளையங்கோட்டையில் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த ஏழு கணக்கைக் கேட்டாலே தலைவலி. குறள் வெண்பாவில் எண்ணுவது வார்த்தையை அல்ல, அசைகளால் ஆன சீரை. எண்ணினால் மட்டும் போதாது, சீரும் சீரும் சேரும் இடத்தில் தளை, அதாவது அந்தச் சேர்க்கையின் ஓசை, தட்டக்கூடாது. ‘வெள்’ போல ஒற்றை ஒலி அசை நேர், ‘புது’ போல குறிலில் தொடங்கும் இரட்டை ஒலி அசை நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாவுக்கு அடுத்து நிரை, விளத்துக்கு அடுத்து நேர், காய்க்கு அடுத்து நேர் வரவேண்டும். கனிச்சீருக்கு இடமே கிடையாது. ‘ஆற்றில்’ தேமா (நேர் நேர்), அடுத்து ‘வெள்ளம்’ நேரில் தொடங்குகிறது. முதல் அடி வைத்ததுமே சறுக்கல். சீர்கள் சேரும் ஆறு இடத்தில் ஐந்து தட்டுகிறது. ‘மூழ்கி, முருகன்’ மட்டும் தற்செயலாகப் பொருந்திவிட்டது. ‘உள்ளே’ என்று முடிக்கவும் முடியாது. நாள், மலர், காசு, பிறப்பு, இந்த நான்கு சொற்களின் ஓசை அளவில் ஒன்றுதான் கடைசியில் வரும்.

‘வெள்ளம்’ முன்னால் ‘புது’ போடச் சொன்னேன். ஆற்றில் புதுவெள்ளம். தளை சரியாயிற்று. அப்புறம் இன்னொன்று கேட்டேன்: படத்தில் தெரிவதையே பாட்டும் சொன்னால் பாட்டு எதற்கு? வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரைக்கு எடுத்துவிடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். உள்ளே என்ன நடக்கும்? படம் காட்டாததைச் சொல்லுங்கள் என்றேன். ஜப்பானில் படமும் ஹைக்கூவும் ஒரே தாளில் வரும் ‘ஹைகா’வில் பேர்பெற்ற கவிஞர் புசோனும் (1716–1784) இவரைப்போல ஓவியர்தான். இரண்டு நாள் கழித்து நம் ஓவியர் இதோடு வந்தார்:

ஆற்றில் புதுவெள்ளம் ஆளற்ற கோயிலுள்
ஏற்றும் விளக்காகும் மீன்

எழுந்து கைகொடுத்தேன்.

படம் வரைகிறவர்களே, தயவுசெய்து பாட்டை முதலில் தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். அசை பிரித்து அலகிட்டுப் பாருங்கள். பிரேம் போட்டபிறகு தூக்கிக்கொண்டு வராதீர்கள், நான் என்ன செய்ய? யாப்பு பிடிக்கவில்லையா, புதுக்கவிதை என்று போடுங்கள், ஒரு குறையும் இல்லை. குறள் என்று மட்டும் போடாதீர்கள்.

அவர் சாம்பல் நிறம் கலந்து பழைய வரிகளின்மேல் பூசியிருக்கிறார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ‘மட்டும் உள்ளே’ இன்னும் தெரிகிறது.