ரூமில் நாலு பேர், லேப்டாப் ஒன்று

திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ, வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டிலோ இருப்பவர்களிடம் உங்கள் லேப்டாப் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டால் "பாஸ்வேர்டு போட்டிருக்கேன், போதும்" என்பார்கள். போதாது.

அந்தப் பாஸ்வேர்டைக் கேட்பது விண்டோஸ். அது ஓடினால்தானே கேட்கும்? விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான லினக்ஸை ஏற்றிய பென் டிரைவைச் செருகி அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு வேலையே இல்லை. டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் உங்கள் ஆதார் நகல், சம்பளச் சீட்டு, வீட்டுப் படங்கள் எல்லாம் அப்படியே தெரியும். இதைச் செய்யப் பெரிய ஆள் தேவையில்லை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குக் கவலை.

இதற்கு மருந்து டிஸ்க் என்கிரிப்ஷன். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும் ஏஇஎஸ் என்ற கணக்குமுறை ஒரு ரகசியச் சாவியோடு கலந்து குழப்பித்தான் எழுதும். சாவி 128 பிட் நீளம் என்றால் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். நொடிக்கு லட்சம் கோடி சாவி போட்டுப் பார்த்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க 1-க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான்.

சரி, அந்தச் சாவி எங்கே இருக்கிறது? விண்டோஸ் லேப்டாப்பில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் அதைக் காக்கிறது. லேப்டாப் கிளம்பும்போது எந்தெந்த மென்பொருள் எந்த வரிசையில் ஓடுகிறது என்பதை அளந்து வைத்துக்கொண்டு, வழக்கமான அளவோடு பொருந்தினால் மட்டுமே சாவியை விடுவிக்கும். பென் டிரைவிலிருந்து கிளப்பினால் அளவு மாறிவிடும், சாவி வராது. கோப்புகள் இருக்கும் டிஸ்கை (எஸ்எஸ்டி) கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, அங்கே இந்தச் சிப்பே இல்லை.

ஆனால் வழக்கம்போல ஆன் செய்தால் சிப் தானாகவே திறந்துவிடும். அதற்குப் பிறகு வாசலில் நிற்பது உங்கள் பாஸ்வேர்டுதான். அதனால் இரண்டும் வேண்டும். தண்ணீர் பிடிக்க எழுந்து போனாலும் விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்திவிட்டுப் போங்கள். ஊருக்குப் போகும்போது மூடி மட்டும் வைக்காமல் முழுதாக அணைத்துவிடுங்கள், ஏனென்றால் தூக்க நிலையில் சாவி ரேம் நினைவகத்திலேயே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் குளிரவைத்த ரேமில் தகவல் சில நிமிடங்கள் தங்கும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008-லேயே காட்டினார்கள். ரூம்மேட் அந்த அளவுக்குப் போகமாட்டார், இருந்தாலும் அணைப்பதற்கு அரை நிமிடம்தான்.

அப்புறம், சிப் சாவியை விடுவிக்காதபோது டிஸ்கைத் திறக்க உதவும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி. மதர்போர்டு மாற்றினால் கட்டாயம் கேட்கும். அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை, தாளில் எழுதி ஊரில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

"மச்சி, டிக்கெட் போடணும், அஞ்சு நிமிஷம் லேப்டாப் குடு" என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அவருக்கென்று நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை இப்போதே உருவாக்கி வைத்துவிடுங்கள். அதில் நுழைந்தால் உங்கள் பயனர் கோப்புறையும் திறக்காது, பிரவுசரில் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் தெரியாது, அவரும் டிக்கெட் போட்டுக்கொள்வார்.